சாமிப் பலகையில் பதினோரு கார்டு

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள், காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வரும், அந்தச் செவ்வாயும் சொன்னபடி ஒன்பதுக்குப் போனது. மெயின் ரோட்டிலிருந்து ஊர் வழி பிரியும் கொடுக்காப்புளி விலக்கில் வரிசையாக இருக்கும் பதினோரு கேட் கிரில் பட்டறைகளிலும் வெல்டிங் மிஷின் அணைந்து, டிரில்லிங் மிஷின் ஓய்ந்து, ஃபேன் நின்று, டீக்கடை ரேடியோ பாதிப் பாட்டில் வாயை மூடிக்கொண்டு, புளியமரத்துக் காக்கைகள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுத் திடுக்கிட்ட அந்த அமைதிக்குள், மாசானமுத்து கையிலிருந்த கிரைண்டிங் மிஷின் மட்டும் ஙீ என்று ஓடிக்கொண்டே இருந்தது.

நான் பக்கத்துப் பட்டறை கொம்பையா. வரிசையில் யார் கேட் செய்தாலும் பெயிண்ட் அடிப்பது நான்தான். பச்சைக் கேட்டின் மேல் விளிம்பில் தங்க நிறத்தில் அரைவட்டம் அரைவட்டமாக ஒரு டிசைன் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள், நூறு அரைவட்டம் போட்டாலும் ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாது, வெறுங்கையால் போடுகிறான் பார் என்று ஊரே சொல்லும், நானும் இல்லை என்று சொன்னதில்லை. யார் எங்கே தப்புப் பண்ணுகிறார்கள் என்பது எனக்குத்தான் முதலில் தெரியும். என் தப்பு மட்டும் கடைசியில்தான் வெளியே வந்தது.

"மாசானம், சுவிட்ச அமத்துடே," என்றேன்.

"அமத்திட்டேன் அண்ணாச்சி."

"பிளக்கப் புடுங்கு."

"கரண்டே இல்லையே, என்னத்தப் புடுங்க?"

இருந்தாலும் நானே போய்ப் பிடுங்கினேன். வயர் வால் மாதிரித் தொங்கியது, வீல் என்று நாங்கள் சொல்லும் இரும்பு அறுக்கிற கல்வட்டு சுற்றியது. எங்கள் பட்டறைச் சங்கத் தலைவர் தளவாய் வந்து பிளையரால் வயரையே நறுக்கினார், வால் அறுந்த பல்லிக்கு என்ன கவலை, அது சுற்றியது. மேஜையில் பூட்டியிருக்கும் வைஸில் வைத்து இறுக்கினோம், வைஸின் இரும்புத் தாடையை உடைத்துக்கொண்டு துள்ளியது. மணல் வாளிக்குள் புதைத்தோம், மணலை எங்கள் மூஞ்சியில் வாரி இறைத்துவிட்டு மேலே வந்தது. மனுசக் கை இரண்டும் சேர்த்துப் பிடித்தால் மட்டும் துள்ளாமல் இருந்தது. அதுவும் எங்கள் வரிசைக் கையாக இருக்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி உதவ வந்த டிரைவர் ஒருவர் பிடித்தபோது எகிறி அவருடைய பெல்ட் பக்கிளைச் சீவிவிட்டது, அதன் பிறகு வெளியாட்கள் கிட்டே வரவில்லை. ஓடுகிற மிஷினை என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது, அது ஏன் ஓடுகிறது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் கை ஒழியவில்லை.

கார்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வீலைப் பாதி மூடினாற்போல ஒரு அரைவட்டத் தகடு இந்த மிஷினோடு வரும், அதுதான் கார்டு. தீப்பொறியும், வீல் உடைந்தால் துண்டும், ஆள் மேல் பாயாமல் தடுப்பது அதன் வேலை. ஐந்தாறு வருடங்களுக்கு முன் ஒரு ஆயுத பூஜையன்று தளவாய் தன் மிஷினைக் கழுவக் கார்டைக் கழற்றி, சந்தனம் பூசி, பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் சாமிப் பலகையில் சாய்த்து வைத்தார். சந்தனம் காய்ந்த பிறகு பார்த்தால் அது சாமிக்குப் பின்னால் வளைந்து நிற்கும் திருவாசி மாதிரி அவ்வளவு அம்சமாக இருந்தது, எடுத்து மாட்ட மனசு வரவில்லை. அந்த வருடம் அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்துக் கேட் வேலை கிடைத்தது. மறு ஆயுத பூஜைக்கு எல்லாப் பட்டறையிலும் கார்டு பலகை ஏறிவிட்டது. தினமும் காலையில் அதற்கு ஊதுபத்தி காட்டி, கையையும் கண்ணையும் நீதான் காப்பாற்ற வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு, கார்டு இல்லாத மிஷினைக் கையில் எடுப்போம். கார்டு போனதில் இன்னொரு வசதியும் கண்டோம், நாலு இஞ்சு மிஷினில் ஒரு வாஷரை இடைகொடுத்து ஏழு இஞ்சு வீலை மாட்டினால் கனத்த இரும்பும் ஒரே மூச்சில் அறுந்துவிடும். இவ்வளவும் எங்கள் வரிசையின் புத்தி, வேறு யாரையும் சொல்லிக் குற்றமில்லை.

சாயங்காலம் மாசானமுத்துவின் மனைவி செண்பகம், தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து முடிந்து ஊரிலிருந்து திரும்பி வந்தாள். அந்தப் பட்டறையில் வீலைத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. விரல் கணுவால் தட்டுவாள், நல்ல வீலுக்கு ஒரு சத்தம், அடிபட்ட வீலுக்கு ஒரு சத்தம், அடிபட்டதின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு மூலையில் வைப்பாள். புருசன் கையில் ஓடும் மிஷினைப் பார்த்தாள், அறுந்த வயரைப் பார்த்தாள், நேரே மூலைக்குப் போனாள்.

"இங்க ஒரு வீலு வச்சிருந்தேன்லா, எங்க?"

மாசானமுத்து குனிந்து கையில் ஓடும் வீலைப் பார்த்தான்.

"கீறல் விட்ட வீலுங்க அது. பெருக்கல் போட்டிருந்தேனே, கண்ணு தெரியலையா?"

"அவசர வேல செம்பகம். வேற வீலு இல்ல. ஒரே ஒரு வெட்டுன்னு நெனச்சேன்."

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன். ஓடுவது நிற்காது, சுற்றுவது உடையும், உடைகிற நேரத்தில் எவன் கையில் இருக்கிறதோ அவன் முகத்துக்கு நேரே உடையும். எப்போது என்பது மட்டும்தான் தெரியாது.

அவள் எழுந்து போய்த் தளவாயிடம் சொன்னாள். அவர், "எட்டு மணி நேரம் ஓடினது இனியா தாயி உடையப் போவுது?" என்றார். மறுநாள், "முப்பது மணி நேரம் ஓடினது இனியா உடையப் போவுது?" என்றார். மணி ஏற ஏற அவருடைய தைரியமும் ஏறியது.

இப்படியாக நாங்கள் அதைப் பழகிக்கொண்டோம். பாதி முடிந்த கேட் தகடு ஒன்றில் முறை எழுதினோம், பட்டறைக்கு இரண்டு மணி நேரம், ராத்திரி பகல் உண்டு. மின்வாரியத்து லைன்மேன் வந்து மீட்டரைப் பார்த்தார், அறுந்த வயரைப் பார்த்தார், இதை எழுத எங்க ஆபீஸ்ல ஃபாரம் கிடையாதுப்பா என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். சாவி தொலைந்த டிரங்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பட்டி ஜனம் வந்தது, மாமியார் பெட்டி என்று சொல்லாமல் ஒருத்தி மாமியார் பெட்டியைக் கொண்டுவந்து திறந்துகொண்டு போனாள், அந்த வீலில் அறுத்த இரும்பு துருப்பிடிக்காது என்று ஒரு பேச்சு கிளம்பியது, கண்டக்டர்கள் கொடுக்காப்புளி விலக்கு என்று கூவுவதை விட்டு மிஷின் விலக்கு இறங்கு என்று கூவினார்கள், எதிர்ச்சாரி வீட்டுக் கைக்குழந்தை அந்தச் சத்தத்துக்குத் தூங்கப் பழகி, பாட்டி ஊருக்குக் கொண்டுபோனபோது சத்தமில்லை என்று அழுதது. பிடித்திருப்பவர்களும் பழகினார்கள். ஒருவன் தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு பிடித்தான், ஒருவன் பொறிக்குப் போடும் கண்ணாடியைப் போடாமல் பிடித்தான், தளவாய் தன் முறையில் பிடித்தபடியே சவரக்காரரை வரவழைத்துச் சவரம் செய்துகொண்டார், செண்பகம் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்ததில் சவரக்காரர் ஒரு பக்கக் கன்னத்தோடு தப்பித்துப் போனார்.

அவள் ஒருத்திக்குத்தான் பழகவில்லை. வீல் எந்தத் திசையில் சுற்றுகிறதோ அந்தத் திசைக்கு நேராகத் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, முன்னாலும் பின்னாலும் இழுத்துவிட்டு, யாரும் இந்தக் கோட்டில் நிற்கக் கூடாது என்றாள். கழுத்துத் துண்டைப் பிடுங்கினாள், முழுக்கைச் சட்டையின் பொத்தானைத் தானே மாட்டிவிட்டாள், மணிக்கட்டில் கட்டியிருந்த சாமிக்கயிறுகளை அரிவாள்மணையில் வைத்து அறுத்தாள். "குலசாமி கயிறு தாயி," என்று முனகியவரிடம், "சாமி கோவிச்சா நான் பேசிக்கிடுதேன், கை போனா நீங்க யாருகிட்டப் பேசுவிய?" என்றாள். கைமாற்றும்போது வாங்குகிறவன் "புடிச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லாமல் கொடுக்கிறவன் விடக் கூடாது என்பதும் அவள் வைத்த சட்டம்தான். நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே செய்தோம், ஏனென்றால் அவள் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள், ஆறு நாளில் அவள் கண் இரண்டும் பழுத்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான் மிஷினுக்குச் சாமந்தி மாலை போட்டுவிட்டான். நூல் ஒரு சுற்றுச் சுற்றி, மாலை மாசானமுத்துவின் கையையும் சேர்த்து உள்ளே இழுத்தது, நூல் முந்திக்கொண்டு அறுந்ததால் கை பிழைத்தது. மஞ்சள் இதழ்கள் வரிசை முழுக்கப் பறந்து விழ, ஜனம் குலவையிட்டது. செண்பகம் மட்டும் காதைச் சாய்த்து நின்றாள். ஙீ என்ற சத்தத்துக்கு அடியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டது, டிக் டிக் டிக் என்று, சுவர்க்கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்த மாதிரி. அன்றைக்கு எனக்கும் அது கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை அவள் தன் சாமிப் பலகை முன்னால் ஊதுபத்தியோடு நின்றாள், கொளுத்தவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

"இதுக்கு நாந்தான் தெனமும் பத்தி காட்டுனேன். எம் புருசன் கைய இது காப்பாத்துமாம், பலகையில இருந்துக்கிட்டு! இந்தச் சனியன்ல இத மாட்ட முடியாது, ஓடுத வீல எவன் கழத்துவான்? மத்த பத்து மிஷினுந்தான் நிக்குதே, அதுல மாட்டுங்க. அதுல ஒண்ணு நாளைக்கு இப்படி ஓடுனா என்ன செய்வோம்?"

அவளே தளவாய் பட்டறைக்குள் போய், அவர் பலகையிலிருந்த கார்டின் சந்தனத்தை முந்தானையால் துடைத்து, அவர் மிஷினின் பெரிய வீலைக் கழற்றி எறிந்து, கார்டை மாட்டித் திருகை இறுக்கி, அளவான சின்ன வீலைப் போட்டாள். திருகு கடைசிச் சுற்று இறுகிய அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த மிஷினின் சத்தம் ஒரு படி கீழே இறங்கியது. வரிசையே அதைக் கேட்டது.

அப்புறம் சொல்லவா வேண்டும், ஆளாளுக்குப் பலகையைப் பார்த்து ஓடினார்கள். ஒவ்வொரு பட்டறையிலும் திருகு இறுக இறுக ஒவ்வொரு படியாகச் சத்தம் இறங்கியது. ஒன்பதாவது கார்டு மாட்டும்போது வீல் கிணற்று உருளை வேகத்துக்கு வந்துவிட்டது. செண்பகம் என் வாசலுக்கு வந்து, "கொம்பையா அண்ணாச்சி, ஒங்களுக்கு?" என்றாள்.

"நான் மாட்டியாச்சும்மா," என்றேன்.

என் பலகையில் கார்டு இல்லை. எனக்கு அது சாமியாக இருந்ததே இல்லை. அதைக் கேட்டில் வைத்து விளிம்பை ஒட்டித் தூரிகையை ஓட்டினால் மயிரிழை பிசகாத அரைவட்டம் வரும், ஐந்து வருடமாக என் வெறுங்கை என்று ஊர் சொன்னதெல்லாம் அந்தத் தகடுதான். உள்பக்கம் முழுக்கத் தங்கப் பெயிண்டும் பச்சைப் பெயிண்டும் விரல் கனத்துக்கு அப்பியிருக்க, தார்பாய்க்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் எப்படி எடுப்பேன்? ஒரு கார்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

வீல் அந்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது, நிற்கவில்லை. சரி, இவ்வளவுதான் இறங்கும் போல என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். வேகம் போனதும் பயமும் போய்விட்டது, கண்ணாடிகள் நெற்றிக்கு ஏறின, டீ வந்தது. மூன்று மணிக்கு என் முறை.

"வலது கை பின்னால அண்ணாச்சி. இடது கை கைப்பிடியில. கட்டவெரல வெளிய நீட்டாதிய. கோட்ட விட்டு ஒதுங்கி நில்லுங்க," என்றாள் செண்பகம். மாசானமுத்துவின் கையிலிருந்து வாங்கினேன். "புடிச்சாச்சு," என்றேன். அவன் விட்டான். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். ஆறு நாளாக ஒரே சாம்பல் வட்டமாகத் தெரிந்த வீலில் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது, அதற்குப் பக்கத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு கீறல், ஒவ்வொரு சுற்றுக்கும் வாயைத் திறந்து மூடுவது போல டிக், டிக், டிக்.

"இந்த வேகத்துக்கு ஒரு கட்டையக் குடுத்தாப் போதும், தன்னால நின்னுரும்," என்று தளவாய் ஒரு தேக்குக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். ஜனம் கை தட்டியது.

"வேண்டாம் பெரியண்ணாச்சி! சிக்கினா செதறிரும்!"

"நீ தள்ளு தாயி."

கட்டை கிட்டே வர வர மிஷின் என் கைக்குள் உறுமத் தொடங்கியது. மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை என்று அதிர்வு ஏறி என் பல் எல்லாம் கிடுகிடுத்தது, பெருக்கல் குறி மறைந்து மறுபடி சாம்பல் வட்டமானது, டிக் சத்தம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. தளவாய் கட்டையை நீட்டினார். செண்பகம் பாய்ந்து வந்து அவருக்கும் எனக்கும் நடுவே நின்றாள். எங்கே நின்றாள் தெரியுமா, சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றாள், யாரும் நிற்கக் கூடாது என்று தானே போட்ட கோட்டில், வீலுக்கு நேர் எதிரே, என்னைப் பார்த்து.

"ஏட்டி, கோட்ட விட்டு வா!" என்று மாசானமுத்து அலறினான்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யை என்னால் பிடித்திருக்க முடியவில்லை.

"என் மிஷினுக்குக் கார்டு மாட்டலை!" என்று கத்தினேன். "நான் பொய் சொன்னேன்! கார்டு தார்பாய்க்கு அடியில கெடக்கு! அத வச்சுத்தான் டிசைன் போடுதேன், வெறுங்கையில்ல, அஞ்சு வருசமா வெறுங்கையில்ல!"

ஊரே கேட்டது. தளவாயின் கையிலிருந்து கட்டை விழுந்தது. செண்பகம் கோட்டிலிருந்து இறங்கி என் பட்டறைக்குள் ஓடினாள். மாசானமுத்து என் பின்னால் வந்து நின்று என் கை மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டான். "விட்ராதிய அண்ணாச்சி," என்றான். அவனுடைய மூச்சு என் பிடரியில் பட்டது. அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே உளியால் பெயிண்ட் சுரண்டும் சத்தம் கேட்டது. கறக், கறக். ஐந்து வருடத்துப் பச்சை, ஐந்து வருடத்துத் தங்கம், ஒவ்வொரு பொருக்கும் உரிந்து விழுவது எனக்குக் கேட்டது. கார்டின் வளையம் மிஷின் கழுத்தில் ஏறாமல் அவள் தட்டுவது கேட்டது. இங்கே டிக் டிக் என்று அதுவும் கேட்டது. எது முந்தும் என்று யாருக்கும் தெரியாது, அத்தனை ஜனமும் மூச்சுவிடாமல் சுண்ணாம்புக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது, குழந்தையைத் தூக்கி வந்தவர்கள் குழந்தையின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டார்கள். திருகு ஒரு சுற்று. உறுமல் குறைந்தது. இரண்டு சுற்று. பெருக்கல் குறி மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று சுற்று. டிக். நான்கு. டிக். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து, "மாட்டியாச்சு!" என்ற அவள் குரல் வந்தது.

வீல் நின்றது. பெருக்கல் குறி உச்சியில் வந்து நின்றது. நின்ற பிறகு, அவசரமே இல்லாமல், இரண்டாக விண்டு அப்பளம் போல என் காலடியில் விழுந்தது.

ஆறு நாளுக்கு அப்புறம் காக்கைகள் கத்துவது கேட்டது. மாசானமுத்து கையை எடுத்தான், என்னால்தான் எடுக்க முடியவில்லை, விரல்கள் மிஷினோடு ஒட்டிக்கொண்டு மடங்கியபடியே இருந்தன. செண்பகம் வந்து என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். அவள் நகக்கண்ணெல்லாம் தங்கப் பெயிண்ட். என் சுண்டு விரலைப் பிடித்து மெல்ல நிமிர்த்தி, "ஒண்ணு," என்றாள். அடுத்ததை நிமிர்த்தி, "ரெண்டு," என்றாள். மூன்றாவது விரலுக்கு மாசானமுத்துவும் சேர்ந்துகொண்டான், ஐந்தாவதுக்குத் தளவாய், ஏழு எட்டுக்கெல்லாம் வரிசையே சேர்ந்து எண்ணியது, எனக்குக் கண்ணீர் ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. "பத்து," என்றார்கள் எல்லோரும்.

பத்தும் சரியாக இருக்கிறதா என்று அவள் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று, என் கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்டாள்.

"பதினொண்ணு," என்றாள்.